கலருக்கு முந்நூறு பீஸ்

கைப்பந்து அணிக்கு எத்தனை சட்டை வேண்டும்? களத்தில் 6 பேர். வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தாறு பேர். சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர், பந்துக்கும் வலைக்கும் பணம் போட்ட மாமா ஒருவர், ஆடாவிட்டாலும் எல்லா ஆட்டத்துக்கும் வந்துவிடும் ஒரு பையன். 15-ல் கணக்கு முடிந்துவிடும். கீழ்ப்பழனி மலையில் ஆடலூர் போன்ற ஓர் ஊரின் இளைஞர்கள் பொங்கல் விளையாட்டுக்கு ஒரே மாதிரிச் சட்டை போட ஆசைப்பட்டு, மார்புக்கு நேரே ஊர்ப்பெயர், முதுகில் எண் என்று படமெல்லாம் வரைந்துகொண்டு திருப்பூருக்குப் போன் போட்டால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, டி-ஷர்ட் அடிக்கணும்ண்ணே. 15 பீஸ்."

"என்ன கலருங்க தம்பி?"

"பச்சைண்ணே. காப்பி இலைப் பச்சை."

"கலருக்கு 300 பீஸ் இருந்தா சொல்லுங்க, பண்ணிக்கலாம். அதுக்குக் கீழ கட்டாதுங்க."

"300 சட்டையை வச்சுக்கிட்டு நாங்க என்னண்ணே பண்றது? எங்க தெருவுல ஆளே அவ்வளவு இல்ல."

போனை வைத்ததும் 'பெரிய கம்பெனிக்காரன் நம்மளையெல்லாம் எங்கே மதிக்கப்போறான்' என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். வருத்தம் நியாயமானது, முடிவு தவறு. அந்த 300 யாருடைய வாயிலோ தோன்றிய எண் கிடையாது. அதற்குப் பின்னால் சாய மெஷினின் கொள்ளளவு இருக்கிறது, நூல் கோன்களின் எண்ணிக்கை இருக்கிறது, தையல்காரரின் பீஸ் ரேட் இருக்கிறது, ஒரு நீதிமன்றத் தீர்ப்புகூட இருக்கிறது. எது எது என்று தெரிந்தால், எதைத் தவிர்த்து 15 சட்டை வாங்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மலை ஊர்களின் தேவை எப்போதும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை, பீன்ஸ் என்று பல பயிர் போட்டுப் பிழைக்கும் மக்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு தெருக்காரர்கள் ஒரே நிறத்தில் போட 40 சட்டை. தோட்டத்து நடுவே தங்கும் விடுதி நடத்துபவருக்கு 8 ஆட்களுக்குச் சீருடை. சொந்தக் காப்பிப்பொடிக்குப் பெயர் வைத்து விற்க நினைக்கும் ஓர் இளம் விவசாயிக்குக் கண்காட்சியில் போட 5 காலர் பனியன். மேலே கொடைக்கானலுக்குப் போனால் ஊர்ப்பெயர் அச்சிட்ட பனியன் கடைக்குக் கடை தொங்குகிறது. அங்கே சீசனுக்கு வரும் கூட்டம் எத்தனை நூறு பீஸையும் தீர்த்துவிடும். ஆடலூர் என்று அச்சிட்ட பனியன் எந்தக் கடையிலும் தொங்காததற்கு, எண்ணிக்கையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இத்தனைக்கும் இது நூலுக்குப் பஞ்சமான மாவட்டமல்ல. மலைக்குக் கீழே திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைய. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் மூன்று, நான்கு மணி நேரத்தில் திருப்பூர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 15 சட்டை எட்டாத தூரத்தில் இருக்கிறது.

ஒரு பனியனுக்கு எத்தனை முதலாளி?

திருப்பூர் என்றதும் ஒரு பக்கம் பஞ்சு போனால் மறுபக்கம் பனியனாக வெளியே வரும் பிரம்மாண்டமான ஆலை ஒன்றை நாம் கற்பனை செய்கிறோம். அப்படிச் சில நிறுவனங்கள் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. நூலை வாங்குபவர் ஒருவர், அதை நிட்டிங்கில் துணியாக்குபவர் இன்னொருவர், சாயம் ஏற்றுபவர் வேறு, துணி பின்னால் சுருங்காதபடி காம்பேக்டிங் போடுபவர் வேறு, பிரிண்டிங் வேறு, எம்பிராய்டரி வேறு, பவர் டேபிள் வைத்துத் தைத்துக் கொடுப்பவர் வேறு. துணி ஒரு டெம்போவிலிருந்து இன்னொரு டெம்போவுக்கு மாறி ஊரைச் சுற்றிக்கொண்டே பனியனாகிறது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 'இதுக்குக் கீழ கட்டாதுங்க' என்று ஓர் அளவு இருக்கிறது. நம்மிடம் போனில் சொல்லப்படுவது அத்தனை அளவுகளிலும் பெரியது எதுவோ, அது.

நிட்டிங்கிலிருந்து பார்ப்போம். 24 இஞ்ச் டயா உள்ள வட்ட நிட்டிங் மெஷினில் 72 ஃபீடர் இருந்தால், 72 கோன் நூல் ஏற்றியாக வேண்டும். முதல் ஒரு மீட்டர் துணி இறங்குவதற்கும் 72 கோன்தான், ஆயிரம் மீட்டருக்கும் 72 கோன்தான். கோன் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். இறங்கும் துணியை 20, 25 கிலோ ரோலாக எடுக்கிறார்கள். 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில் பெரிய ஆள் போடும் ரவுண்ட் நெக் பனியன் ஒன்றுக்கு, வெட்டில் போகும் கழிவையும் சேர்த்து 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அதாவது கிலோவுக்கு நாலரைப் பனியன். ஒரு ரோல் என்றால் 100 பனியன். நம் அணிக்குத் தேவையான 15 பனியனின் துணி மூன்றரைக் கிலோகூட வராது.

இதுவரை பரவாயில்லை. வெளுக்காத, சாயம் ஏறாத கோரா ரோல் யாரிடமாவது கையிருப்பில் இருக்கும். அதில் மூன்றரைக் கிலோ வெட்டிக் கொடுக்கவும் செய்வார்கள். சாயப்பட்டறை வாசலில்தான் கதை மாறுகிறது.

பருத்திப் பின்னல் துணிக்கு இன்று சாயம் ஏற்றுவது சாஃப்ட் ஃப்ளோ மெஷினில். துணியைக் கயிறு போலச் சுருட்டி, நுனியோடு நுனி சேர்த்துத் தைத்து, தண்ணீரின் வேகத்தில் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும்படி விடுகிறார்கள். 50 கிலோ, 100 கிலோ, 250 கிலோ, 500 கிலோ என்று கொள்ளளவுக்கு ஏற்ப மெஷின்கள் உண்டு. உப்பு போட்டுச் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ள வேண்டும், சோடா போட்டுப் பிடிக்கவைக்க வேண்டும், பிறகு பிடிக்காத சாயம் போகும்வரை சோப்பு வாஷ், வெந்நீர் வாஷ். வெளுப்பதிலிருந்து இறக்குவது வரை ஒரு லாட்டுக்கு, அதாவது ஒருமுறை ஏற்றும் துணிக்கு, ஏறக்குறைய ஒரு ஷிப்ட் போய்விடும். இதில் நேரமும் ஆளும் சூடும் 10 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் பெரிதாக மாறுவதில்லை. அதோடு, கொள்ளளவுக்கு மிகக் குறைவாகத் துணி போட்டால் தண்ணீருக்கும் துணிக்கும் உள்ள விகிதம் கெட்டு, நிறமும் கேட்டபடி வராது. பெரிய டிரம்மில் ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையைப் போட்டு வறுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 50 கிலோ மெஷினை ஓரளவு நிரப்பினால் 200 பனியனுக்கு மேல். 100 கிலோ மெஷின் என்றால் 450. 'கலருக்கு 300 பீஸ்' என்பதும் 'கலருக்கு 500 பீஸ்' என்பதும் இங்கேதான் பிறக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறுவதற்குக் காரணம் முதலாளியின் மனம் அல்ல, அவர் துணி அனுப்பும் பட்டறையில் நிற்கும் மெஷின். 5, 10 கிலோ சாம்பிள் மெஷின்களும் உண்டுதான். ஆனால் அதில் கிலோவுக்கு ஆகும் கூலி பல மடங்கு. ஏற்றுமதி கம்பெனி அந்தக் கூலியைக் கொடுப்பது, பின்னால் 20,000 பீஸ் ஆர்டர் வருகிறது என்ற நம்பிக்கையில்.

காலர் வைத்த பனியன் என்றால் இன்னும் ஒரு சிக்கல். காலரும் கழுத்து ரிப்பும் உடம்புத் துணியோடு ஒரே லாட்டில் சாயம் ஏறினால்தான் நிறம் ஒத்துப்போகும். தனித்தனியாக ஏற்றினால் பச்சைக்குப் பச்சை பொருந்தாது. வெயிலில் நிற்கும்போது காலர் ஒரு பச்சை, சட்டை ஒரு பச்சை என்று பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். காலர் பனியனுக்குக் குறைந்தபட்ச அளவு கூடுதலாகச் சொல்வது இதனால்.

நொய்யலின் பங்கு

சாய லாட்டின் அளவுக்குள் ஒரு நதியின் வரலாறும் கலந்திருக்கிறது. சாயம் ஏற்றிய உப்புத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நொய்யலில் கலந்தது. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேங்க வேண்டிய நீர் கழிவாகத் தேங்கியது. நொய்யல் விவசாயிகள் நீண்ட சட்டப் போராட்டம் நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியவர்களே படிப்படியாகத் திறந்தார்கள்.

அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது விளையாட்டில்லை. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். லிட்டருக்கு இவ்வளவு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அரை மெஷின் துணிக்கு முழு மெஷின் தண்ணீரைச் செலவழிக்க எந்தப் பட்டறைக்காரரும் சம்மதிக்க மாட்டார். மூன்றரைக் கிலோவுக்குக் கதவைத் திறக்காததைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள், ஒரு லாட் ஓடி முடிந்தபின் அந்தத் தண்ணீர் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்க்கலாம். குறைந்தபட்ச அளவு நமக்கு இடைஞ்சல். ஆற்றைக் கெடுக்காமல் சாயம் ஏற்றுவதற்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அது. இந்த இடத்தில் நான் பட்டறைக்காரர் பக்கம்.

ஸ்கிரீன், லே, கைமடி

பிரிண்டிங்கில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. படத்தில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீனுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4 நிறப் படத்துக்கு 2,000 ரூபாய் முதல் பனியன் அச்சாவதற்கு முன்பே போய்விடுகிறது. 500 பனியனில் அது தலைக்கு 4 ரூபாய். 15 பனியனில் தலைக்கு 133 ரூபாய். முதுகில் ஒவ்வொருவருக்கும் வேறு எண், வேறு பெயர் என்றால் ஸ்கிரீனில் நினைத்தே பார்க்க முடியாது.

கட்டிங்கில், துணியை அடுக்கடுக்காக விரித்து 'லே' போட்டு, மேலே அளவுத் தாளை வைத்து, மெஷின் கத்தியால் ஒரே வெட்டில் பல டஜன் பீஸ் எடுப்பது வழக்கம். கட்டிங் மாஸ்டருக்கு மேசையைத் தயார் செய்யும் நேரம்தான் பெரிது, வெட்டும் நேரம் சின்னது. நம் 15 சட்டையில் எஸ் 2, எம் 6, எல் 5, எக்ஸ்எல் 2 என்று வந்தால் லே போட முடியாது. கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

தையலுக்கு வருவோம். பவர் டேபிளில் ஒரு பனியன் ஒரே கையால் முழுதாகத் தைக்கப்படுவதில்லை. ஒருவர் ஓவர்லாக்கில் தோள் மூட்டுவார், ஒருவர் ஃப்ளாட்லாக்கில் அடிமடிப்பு போடுவார், ஒருவர் கழுத்து ஏற்றுவார், பக்கத்தில் கைமடி ஒருவர் பீஸை எடுத்துக் கொடுத்து மடித்து வைப்பார். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். புது மாடல் வந்தால் முதல் இருபது, முப்பது பீஸ் மெதுவாகத்தான் போகும். அதற்குப் பிறகே கை பழகி வேகம் பிடிக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு வருமானம் வருவது அந்த வேகத்தில். 15 பீஸ் ஆர்டர், கை பழகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நூல் நிறத்தை மாற்றி, மெஷினைச் செட் செய்து, தைத்து முடித்துப் பார்த்தால் அரை நாள் போயிருக்கும், கையில் வந்த கூலி டீச்செலவுக்கு ஆகும். 'ஆள் வரமாட்டேங்கிறாங்க' என்று பவர் டேபிள்காரர் சொல்வது சாக்கு இல்லை.

கழுத்தில் வைக்கும் நெய்த லேபிள் ஆயிரக்கணக்கில்தான் அடிப்பார்கள். பட்டன் குரோஸ் கணக்கு, அதாவது 144. இவையெல்லாம் சில்லறைத் தடைகள், பணம் கொஞ்சம் கூடப் போனால் தாண்டிவிடலாம்.

வெள்ளைப் பனியன் காலம்

1925-ல் திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி தொடங்கியபோது இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எல்லாம் வெள்ளை. தாத்தாக்கள் போட்ட கைப்பனியனுக்குப் பக்கவாட்டில் தையல் இருக்காது. குழாய் போலவே பின்னி, குழாயாகவே வெட்டித் தைத்தார்கள். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு டயா மெஷின் தேவைப்பட்டது. 85 சென்டிமீட்டர் பனியனுக்கு ஒன்று, 90-க்கு ஒன்று. அந்தக் காலத்தின் குறைந்தபட்சம் அளவில் இருந்தது, நிறத்தில் இல்லை. ஆனால் வெள்ளைப் பனியன் இன்று விற்காவிட்டால் நாளை விற்கும், திருச்சியில் விற்காவிட்டால் மதுரையில் விற்கும். மிச்சம் என்ற பயமே இல்லாத சரக்கு.

1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் மூலமாகத் திருப்பூரைத் தேடி வந்தார். அவர் கேட்டதும் வெள்ளை டி-ஷர்ட்தான். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைச் சங்கிலி வந்தது. பிறகு நிறம் வந்தது, பிரிண்ட் வந்தது, சீசனுக்கு ஒரு மாடல் வந்தது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2024-25-ல் ஊரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். இந்த வளர்ச்சிக்கு ஏற்றபடி மெஷின்கள் பெரிதாகின, சாய லாட் பெரிதானது, கம்பெனிக்காரரின் கண்ணில் ஆர்டர் என்ற சொல்லின் அளவும் பெரிதானது.

குறைந்தபட்ச அளவை மெஷின்தான் கொண்டுவந்தது என்றும் சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஒரு பாவு ஏற்றினால் வழக்கமாக 3 சேலை. கல்யாண வீட்டார் வேண்டுமென்று கேட்ட உடல் நிறத்தில் ஒரு சேலை நெய்தால், அதே பாவில் இன்னும் இரண்டு சேலைக்கு நெசவாளியும் கடைக்காரரும் வழி தேட வேண்டும். ஊடையை மாற்றுவார்கள், முந்தியை மாற்றுவார்கள். பாவு நிறம் மட்டும் மாறாது. அங்கே எண் 3 என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை.

மிச்சம் யார் தலையில்?

300 பீஸ் அடிக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. 15 போக மீதி 285-ஐ யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் பேச்சு முறிகிறது. குறைந்தபட்ச அளவு என்பது அந்த மீதியை ஆர்டர் கொடுப்பவரின் தலையில் வைக்கும் ஏற்பாடு. திருப்பூருக்கு மட்டும் மீதி இல்லையா? டேமேஜுக்கு ஈடாக நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று எப்போதும் கூடுதலாக வெட்டுவார்கள். ரத்தான ஆர்டர், நிறம் தவறியது, தேதி தாண்டியது என்று மலைபோல் சேரும். அத்தனையும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டையில் கடைகளாக விரிந்து கிடக்கிறது. எங்கோ ஐரோப்பியக் கடைக்கு என்று லேபிள் வைத்த பனியனை நாம் நூறு ரூபாய்க்கும் இருநூறுக்கும் வாங்குவது, வேறொருவரின் குறைந்தபட்ச அளவு மிஞ்சியதால்தான்.

சீனாவில் பிறந்த ஷீஇன் நிறுவனம் இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது. ஒரு மாடலுக்கு முதலில் 100 அல்லது 200 பீஸ் மட்டுமே தைக்கச் சொல்லும், செயலியில் விற்கிறதா என்று பார்க்கும், விற்றால் உடனே மறு ஆர்டர். குவாங்சோவின் பான்யூ பகுதியில் நெருக்கமாக இருக்கும் சிறு பட்டறைகள் இதற்குச் சம்மதித்தன. தினமும் ஏதாவது ஒரு மாடல் வந்துகொண்டே இருக்கும் என்ற உறுதி இருந்ததால் ஒவ்வொன்றும் சின்ன எண்ணாக இருந்தாலும் அவர்களுக்குக் கட்டுபடியானது. அதன் இன்னொரு பக்கத்தை 2021-ல் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு எழுதியது. அந்தப் பட்டறைகள் சிலவற்றில் வாரத்துக்கு 75 மணி நேரம் வேலை. பனியன் மிஞ்சவில்லை, அந்தச் சுமை தையல்காரரின் தூக்கத்துக்கு மாறியது. 'எங்களிடம் குறைந்தபட்சமே கிடையாது, ஒரு பீஸும் செய்வோம்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, அந்தச் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று ஒரு கணம் யோசிப்பதில் தப்பில்லை.

திருப்பூர் சொல்லும் 300 கல்லில் வெட்டியதும் அல்ல. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூரில் அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் திண்டாடின. வேலை குறைவான மாதத்தில் 300 என்பது 150 ஆகும், தெரிந்தவர் மூலம் போனால் 100-கூட ஆகும். கிறிஸ்துமஸ் சரக்கு ஓடும் மாதத்தில் அதே ஆள் போனையே எடுக்க மாட்டார். இடையில் ஒரு ஏஜென்ட் இருந்தால் கம்பெனி சொன்ன 200, நம் காதுக்கு 500-ஆக வந்து சேர்வதும் உண்டு. அதனால் முதல் கேள்வி 'குறைக்க முடியுமா' என்பதாக இருக்கக்கூடாது. 'எதுக்குங்க 300? துணிக்கா, பிரிண்டுக்கா, தையலுக்கா?' என்று கேட்க வேண்டும். பதில் சொல்பவர் கம்பெனிக்காரர். மழுப்புபவர் பெரும்பாலும் ஏஜென்ட்.

பதினைந்துக்கு வழி

பதில் 'துணிக்கு' என்றால் பாதி வேலை முடிந்தது. சாயத்தைத் தவிர்த்துவிடலாம். கறுப்பு, வெள்ளை, நேவி, மெரூன், கிரே மெலஞ்ச் போன்ற ஓடும் நிறங்களில் தைத்து அடுக்கிய ரெடி ஸ்டாக் பனியன் திருப்பூரில் எப்போதும் கிடைக்கும். அதில் கடும்பச்சையும் அநேகமாக இருக்கும். காப்பி இலைப் பச்சை இருக்காது. தம்பிகள் விட்டுக்கொடுக்க வேண்டியது அந்த ஒரு பிடிவாதத்தைத்தான்.

அச்சுக்கு டி.டி.எஃப். என்ற முறை வந்துவிட்டது. படத்தை ஒரு ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டிவிடுகிறார்கள். ஸ்கிரீன் இல்லை, ஒரு பீஸுக்கும் செய்யலாம், திண்டுக்கல்லிலேயே செய்துவிடலாம். எனக்கு இதில் முழு திருப்தி இல்லை. பெரிய படமாகப் போட்டால் மார்பில் ரெக்சின் ஒட்டியது போல இருக்கிறது, காற்று புகாது, அலட்சியமாகத் துவைத்தால் வெடிப்பு விடுகிறது. சின்ன எழுத்தாகப் போட்டால் பிரச்சினை இல்லை.

விளையாட்டுக்கென்றே வேண்டுமானால் சப்ளிமேஷன் ஜெர்சிதான் சரியான வழி. வெள்ளை பாலியெஸ்டர் துணியில், தாளில் அச்சிட்ட சாயத்தை சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். ஜெர்சியின் நிறம், கோடுகள், பெயர், எண் எல்லாம் ஒரே அச்சு. சாய லாட் என்ற பேச்சே கிடையாது. 15 பேருக்கு 15 விதமாகச் செய்தாலும் விலை மாறாது. இன்று ஊருக்கு ஊர் கிரிக்கெட் அணிகள் பெயர் போட்ட ஜெர்சியோடு திரிவதற்கு இந்தத் தொழில்நுட்பம்தான் காரணம். பருத்தியில் இது பிடிக்காது என்பது ஒன்றுதான் குறை. வெயிலூரில் பாலியெஸ்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பனி இறங்கி, துவைத்த பருத்திச் சட்டை இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் கிடக்கும் மலை ஊரில், சீக்கிரம் காயும் துணிக்கு ஒரு மரியாதை உண்டு.

பருத்திதான் வேண்டும், நிறமும் நம் நிறம்தான் வேண்டும் என்றால் ஆள் சேர்க்க வேண்டும். ஆடலூர், பன்றிமலை, பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி என்று ஊருக்கு ஓர் அணி, திருவிழாக் குழு, விடுதி ஆட்கள் எல்லோரும் சேர்ந்தால் 200-ஐத் தொடுவது கனவல்ல. இதில் ஒரே நிபந்தனை, துணி நிறம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே போடும் எழுத்தை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம். ஊர்களுக்குள் நிறத்தில் ஒற்றுமை வருவதுதான் கடினம் என்று யாராவது சிரித்தால் மறுக்க மாட்டேன். ஆனால் இதைப் பெரிய அளவில் அரசாங்கம் செய்துகொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் விலையில்லாச் சீருடை போகிறது. துணி தமிழக நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து, தையல் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து. மலைமேல் உள்ள பள்ளியில் 20 பிள்ளைகள் படித்தாலும் அவர்களின் சீருடைத் துணி, மாநிலம் முழுவதற்கும் நெய்த துணியின் ஒரு துண்டு. அந்த 20-க்கு யாரும் குறைந்தபட்சம் கேட்பதில்லை.

இன்னொரு வழி பழையது, பலரும் மறந்தது. பின்னல் துணி திருப்பூரில் கிலோ கணக்கில் சில்லறையாகவே கிடைக்கும். 4 கிலோ சாயத்துணியும் அதே லாட் ரிப்பும் வாங்கிக்கொண்டு வந்து, ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுத்தால் 15 பனியன் தைத்துவிடுவார். கூலி கூடுதல்தான். ஆனால் அந்தக் கூலி மலையிலேயே தங்கும். மாமாவின் வயிற்றுக்கு ஏற்ற அளவும் கிடைக்கும், கம்பெனியின் எக்ஸ்எல் அதற்குப் போதாது. வாங்கும்போது காம்பேக்டிங் போட்ட துணிதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சட்டை நீளத்தில் ஏறிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு முழத் துண்டைத் துவைத்து உலர்த்தி அளந்து பார்த்துவிட்டு வெட்டுவது நல்லது.

எந்த வழியில் போனாலும் எண்ணிக்கையை 15-ல் நிறுத்தாமல் இரண்டு மூன்று கூட்டிச் சொல்வது புத்திசாலித்தனம். அடுத்த வருஷம் அணியில் ஒருவன் போய் ஒருவன் வருவான். அவனுக்கு ஒரு சட்டை அதே நிறத்தில் தேடினால் கிடைக்காது. அதே பெயர், அதே நம்பர் கொண்ட ஷேடு அட்டையைக் காட்டினாலும் அடுத்த லாட்டின் பச்சை வேறு பச்சையாகத்தான் இறங்கும். கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டும் இந்த வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் படாது. பொங்கலுக்கு வேண்டுமென்றால் கார்த்திகை முடிவதற்குள் அளவும் அட்வான்ஸும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தை பிறக்கும் வாரத்தில் திருப்பூரில் தையல்காரர்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள், எத்தனை ஆயிரம் பீஸ் என்று சொன்னாலும் மெஷினில் உட்கார ஆள் இருக்காது.